கச்சான் வீசும்போது அங்கே நாற்று நடுவார்கள்: இந்திய விவசாயம் பற்றித் திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்னேரங்களில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். குடும்பத்துக்குத் தம்பலகாமத்தில் கொஞ்சம் வயலும் உண்டு. அதை அண்ணன் பார்க்கிறார். ஆகவே கேள்விகள் இரண்டு பக்கத்தாலும் வரும். பிள்ளைகள் பரீட்சைக்காகக் கேட்பார்கள், அவர்களைக் கூட்டிப்போக வரும் தகப்பன்மார் வெங்காய விலைக்காகக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்த மாதிரியே விட்டிருக்கிறேன்.

சேர், எங்களுக்குப் பெரும்போகம், சிறுபோகம். இந்தியாவுக்கு எத்தனை போகம்?

மூன்று என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். காரிப், ரபி, சையத். ஜூன், ஜூலையில் விதைத்து செப்டெம்பர், ஒக்டோபரில் வெட்டுவது காரிப்: நெல், பருத்தி, சோயா, நிலக்கடலை, துவரை எல்லாம் இதற்குள். ஒக்டோபருக்குப் பிறகு விதைத்து மார்ச், ஏப்ரலில் வெட்டுவது ரபி: கோதுமை, கடுகு, கொண்டைக்கடலை, பார்லி. இரண்டுக்கும் இடையில் கோடையில் போடும் வத்தகைப்பழம், வெள்ளரி, பயறு போன்றவை சையத்.

காரிப் என்றால் அரபியில் இலையுதிர்காலம், ரபி என்றால் வசந்தகாலம். விதைக்கும் காலத்தை வைத்தல்ல, வெட்டும் காலத்தை வைத்துப் பெயர். பிள்ளைகள் இதில்தான் குழம்புவார்கள். நாங்கள் எந்தப் போகத்துக்குத் தண்ணீர் தாராளம் என்று பார்த்து பெரிது, சிறிது என்று வைத்துக்கொண்டோம்.

இந்த மூன்று பெயரும் வடக்குக்குத்தான் சரியாகப் பொருந்தும். தஞ்சாவூர் விவசாயியிடம் காரிப் என்றால் அவர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். அவருடைய நெல் போகங்களுக்குப் பெயர் குறுவை, சம்பா, தாளடி. அந்தப் பெயர்களை மனதில் வைத்திருங்கள், கீழே வேண்டிவரும்.

ஜூனில் இந்தியா முழுக்க மழை என்று செய்தியில் காட்டுகிறார்கள். அதே காற்று எங்களுக்கு மட்டும் ஏன் கச்சானாக வந்து வயலைக் காய்ச்சுது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். இதற்கு மறுமொழி விளங்கினால் மிச்சக் கேள்விகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

ஏப்ரல், மே மாதங்களில் வட இந்திய நிலம் அடுப்புப் போல் சூடாகிறது. அங்கே அமுக்கம் குறைய, இந்து சமுத்திரத்திலிருந்து ஈரக்காற்று உள்ளே பாய்கிறது. அதுதான் தென்மேற்குப் பருவக்காற்று. கேரளக் கரையை அது தொடும் வழமையான நாள் ஜூன் 1. ஜூலை முதல் பாதிக்குள் நாடு முழுவதையும் மூடிவிடும். இந்தியாவின் வருட மழையில் ஏறத்தாழ முக்கால்வாசி ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரை இந்த ஒரு காற்றால்தான் கிடைக்கிறது.

எங்கள் தீவின்மேலும் அதே காற்றுத்தான் வருகிறது. ஆனால் குறுக்கே மத்திய மலைநாடு நிற்கிறது. இரத்தினபுரியிலும் ஹற்றனிலும் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, மலையால் இறங்கும்போது வெறும் சூட்டுக்காற்றாகத்தான் எங்கள் பக்கம் வருகிறது. அதைத்தான் கச்சான் என்கிறோம். ஜூலை மாதம் மூதூர்ப் பக்கம் ஒரு மானாவாரி வயலுக்குள் போய்ப் பாருங்கள். நிலம் பிளந்திருக்கும். நான் ஒரு வெடிப்புக்குள் கைவிட்டுப் பார்த்தேன், மணிக்கட்டு வரை போனது. மேலே சுடுகிற மண் அடியிலும் புழுதிதான்.

இந்தியாவுக்குள்ளும் இதே கதை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கம் வெள்ளம் ஓடும்போது, மலைக்குக் கிழக்கே தமிழ்நாடு மழைமறைவில் கிடக்கும். தமிழ்நாட்டின் வருட மழையில் கிட்டத்தட்டப் பாதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றால் வருகிறது. எங்கள் பெரும்போகத்தை நனைப்பதும் அதே பருவம்தான். ஆகவே விவசாயத்தில் எங்களுக்குச் சொந்தக்காரர் பஞ்சாப் இல்லை, தஞ்சாவூர். சம்பாவும் பெரும்போகமும் ஒரே மழையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பி.

அப்படியென்றால் தென்மேற்கு மழையால் எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லையா?

இருக்கிறது. மேலால் வராமல் வாய்க்காலால் வருகிறது.

மலைநாட்டில் ஜூனில் பெய்யும் மழை மகாவலியில் சேருகிறது. 1976இலிருந்து பொல்கொல்லவில் அந்த ஆற்றைத் திருப்பி, சுரங்கம் வழியாக அம்பன் கங்கைப் பக்கம் விடுகிறார்கள். அந்தத் தண்ணீர் எலஹெர வாய்க்காலால் மின்னேரியா, கவுடுல்ல என்று இறங்கிக் கந்தளாய்க் குளத்துக்கு வந்து சேரும். குளக்கோட்டன் கட்டியது என்று எங்கள் ஊர்க் கதை சொல்லும் குளம். சிங்கள வரலாறு 7ஆம் நூற்றாண்டு அக்கபோதி மன்னனைச் சொல்லும். யார் கட்டியிருந்தாலும் அதன் துருசு, அதாவது மதகு, திறந்தால்தான் தம்பலகாமத்தில் சிறுபோகம். வெருகல் பக்கத்து அல்லைத் திட்டமும் மகாவலித் தண்ணீரில்தான் ஓடுகிறது.

இப்போது காவிரியைப் பாருங்கள். குடகு மலையில் தென்மேற்கு மழை, மேட்டூர் அணையில் சேமிப்பு, தஞ்சாவூரில் குறுவை. 1934இல் கட்டி முடித்த அந்த அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். அணையில் நீர் இல்லாத வருடம் குறுவையும் இல்லை. எங்கள் சிறுபோகமும் அச்சொட்டாக அப்படித்தான்: மழை பெய்வது ஓரிடம், நெல் விளைவது வேறிடம். பரீட்சையில் இந்த ஒப்பீட்டை எழுதிய பிள்ளைகளுக்கு நல்ல புள்ளி வந்திருக்கிறது.

இந்தியப் புத்தகத்தில் "சோளம்" என்று இருக்கிறது. அது எங்கட சோளன்தானே?

இல்லை! போன வருடம் ஒரு பிள்ளை, மகாராஷ்டிராவின் வறண்ட நிலத்தில் விளையும் சோளத்தை "நாங்கள் அவித்துத் தின்பது" என்று விளக்கமாக எழுதி, சோளன் பொத்திக்குப் படமும் கீறியிருந்தாள். படம் அழகு. மறுமொழி பிழை.

தமிழ்நாட்டுச் சோளம் எங்களுக்கு இறுங்கு. எங்கள் சோளன் அவர்களுக்கு மக்காச்சோளம். எங்கள் கச்சான் அவர்களுக்கு நிலக்கடலை, குரக்கன் அவர்களுக்குக் கேழ்வரகு. நாங்கள் பயறு என்று மட்டும் சொன்னால் அது பாசிப்பயறு, அங்கே பயறு என்றால் "எந்தப் பயறு?" என்று திருப்பிக் கேட்பார்கள். கௌபி அவர்களுக்குத் தட்டைப்பயறு. செத்தல் மிளகாய் வற்றல் மிளகாய். உழுந்தை உளுந்து என்பார்கள், அது பரவாயில்லை. தமிழ்நாட்டுப் புத்தகம் வாசிக்கும்போது இந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கச்சான் காற்று என்றால் கடலைக் காற்றா என்று அங்குள்ளவர் ஒருவர் என்னிடம் கேட்டதும் உண்டு.

முக்கிய பயிர்கள் எவை, எந்த மாநிலத்தில்? சுருக்கமாக.

சுருக்கமாகவே. நெல்: மேற்கு வங்காளம், உத்தரப் பிரதேசம், பஞ்சாப், தெலங்கானா, ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாடு. கோதுமை: உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பஞ்சாப், ஹரியானா. பருத்தி: தக்காணத்துக் கரிசல் மண், அதாவது மகாராஷ்டிரா, குஜராத், தெலங்கானா. நிலக்கடலை குஜராத். கடுகும் கம்பும் ராஜஸ்தான். சோயா மத்தியப் பிரதேசமும் மகாராஷ்டிராவும். சணல் மேற்கு வங்காளம். தேயிலையில் பாதிக்கு மேல் அசாம். கோப்பி பெரும்பாலும் கர்நாடகா. றப்பர் கேரளா.

அளவு தெரியாமல் இந்தப் பட்டியலால் பயன் இல்லை. இந்தியாவில் பயிர் செய்யும் நிலம் ஏறத்தாழ 14 கோடி ஹெக்டயர். முழு இலங்கைத் தீவையும் அதற்குள் இருபது தடவைக்கு மேல் வைக்கலாம். பால், பருப்பு வகைகள், சணல், சிறுதானியம் ஆகியவற்றில் உலகில் முதலிடம். அரிசி ஏற்றுமதியிலும் முதலிடம். ஆனால் அந்த நிலத்தை உழுபவர் பெரிய முதலாளி இல்லை. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 86 பேரின் காணி 2 ஹெக்டயருக்கும் குறைவு. எங்கள் ஐந்து ஏக்கர்க்காரர் அங்கே போனால் கொஞ்சம் வசதியானவர்.

கோதுமை எங்கட நாட்டில் விளைவதே இல்லை. பிறகு எப்படிச் சீனக்குடாவில் இவ்வளவு பெரிய மா ஆலை?

துறைமுகம் இருப்பதால். கோதுமை கப்பலில் வந்து இறங்குகிறது, மாவாகி நாடு முழுவதும் போகிறது, பாணாகவும் பரோட்டாவாகவும் எங்கள் கோப்பைக்கு வருகிறது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது தெரியும் அந்த உயர்ந்த களஞ்சியங்களுக்குள் இருப்பதில் ஒரு மணிகூட இந்த மண்ணில் விளைந்ததில்லை.

கோதுமைக்கு வளரும்போது குளிர் வேண்டும், முற்றும்போது மிதமான வெயில் வேண்டும். பஞ்சாபில் டிசெம்பர், ஜனவரி இரவுகள் நடுங்க வைக்கும். அந்தக் குளிர்தான் அங்கே பயிரைத் தூர்கட்ட வைக்கிறது. மார்ச்சில் வெயில் முந்திவிட்டால் மணி சுருங்கிவிடும். 2022 மார்ச்சில் அதுதான் நடந்தது. மே மாதம் 13ஆம் திகதி இந்தியா கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது.

பசுமைப் புரட்சியை எப்படி எழுதுவது? புத்தகத்தில் ஒரு பந்திதான் இருக்கு.

1965இலும் 1966இலும் தொடர்ந்து மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பல் வந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை. அப்போது மெக்சிகோவில் நோர்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமையை இந்தியாவுக்கு ஏற்ற விதமாக்கும் வேலையில் எம். எஸ். சுவாமிநாதன் முன்னின்றார். கும்பகோணத்தில் பிறந்தவர், 2023இல் காலமானார். 1966இல் 18,000 தொன் விதை இறக்கினார்கள்.

ஏன் குட்டை? இதைத்தான் பிள்ளைகள் எழுதுவதில்லை. பழைய நெட்டைப் பயிருக்கு உரம் போட்டால் கதிர் பாரமாகி, தண்டு தாங்காமல் சாய்ந்துவிடும். சாய்ந்த பயிர் பதர். குட்டைத் தண்டு சாயாது, உரத்தை எடுத்து மணியாக்கும். நெல்லிலும் அதே தந்திரம்தான், ஐஆர் 8 என்ற குட்டை இரகம். 1960களின் நடுவில் சுமார் 1 கோடி 20 இலட்சம் தொன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1970 அளவில் 2 கோடியைத் தொட்டது. மொத்தத் தானியம் 1950-51இல் சுமார் 5 கோடித் தொன். 2023-24இல் 33 கோடிக்கு மேல்.

ஆனால் அந்த விதை உரமும் தண்ணீரும் கேட்கும். அதன் விலையை அடுத்த மறுமொழியில் பாருங்கள்.

டெல்லியில் ஒவ்வொரு வருடமும் வைக்கோலை எரித்துப் புகை வருகுதே. அவர்களுக்கு மாடு இல்லையா?

தம்பலகாமத்துப் பெரியவர் ஒருவர் கேட்டது. சூடடித்த வைக்கோலைக் கும்பியாக்கி வருடம் முழுக்க மாட்டுக்குப் போட்ட தலைமுறைக்கு எரிப்பது பாவம்தான்.

பஞ்சாப் இயல்பில் நெல் நாடு இல்லை. நிச்சய விலைக்கு அரசு வாங்கும் என்பதால் நெல்லுக்கு மாறினார்கள். தண்ணீர் குழாய்க் கிணற்றிலிருந்து. இந்தியாவில் நீர்ப்பாசனம் பெறும் நிலத்தில் அறுபது சதவீதத்துக்கு மேல் நிலத்தடி நீரில்தான் நடக்கிறது. பஞ்சாபில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போக, 2009இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: கொதிக்கிற வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போகாமலிருக்க, ஜூன் 10க்கு முன் நாற்று நடக்கூடாது. நல்ல நோக்கம். நடுகை பிந்த வெட்டும் பிந்தியது. வெட்டுமெசின் போன வயலில் முழங்கால் உயரத் தாள் நிற்கும். கோதுமை விதைக்க இரண்டு மூன்று கிழமைதான் மிச்சம். நெருப்புக்குச்சிதான் மலிவு. காற்று அசையாத நவம்பரில் புகை டெல்லியின்மேல் போய்க் குந்திக்கொள்ளும்.

தண்ணீரைக் காக்கப் போட்ட சட்டம் புகையில் வந்து முடிந்தது. பஞ்சாப் விவசாயியைத் திட்டுபவர்களிடம் இந்தத் திகதிக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். வெட்டுமெசின் வந்த பிறகு எங்கள் வட்டையிலும் தாள் எரிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

பம்பாய் வெங்காயம் ஒரு மாதம் மலிவு, அடுத்த மாதம் தீ விலை. யார் விளையாடுறது?

இது கிண்ணியாவில் கடை வைத்திருக்கும் நானா ஒருவரின் கேள்வி. அவருடைய கடையில் வைத்தே மறுமொழி சொன்னேன், அவரும் எனக்குச் சொல்லித்தந்தார்.

பெயர் பம்பாய் என்றாலும் விளைவது பெரும்பாலும் மகாராஷ்டிராவின் நாசிக் பக்கம். லாசல்கான் சந்தையில் காலையில் என்ன விலை போகிறதோ அது சில நாளில் எங்கள் சந்தைக்கு வந்துவிடும். அங்கே வெங்காயம் வருடத்துக்கு மூன்று தரம். மார்ச் முதல் மே வரை கிளப்பும் ரபி வெங்காயம்தான் பெரும்பங்கு; அது மட்டும்தான் மாதக்கணக்கில் தாங்கும். அதைப் பட்டறையில், அதாவது சேமிப்புக் கொட்டிலில், போட்டு ஒக்டோபர் வரை இழுப்பார்கள். செப்டெம்பரில் மழை கூடினால் பட்டறையில் இருப்பது அழுகும், வயலில் இருக்கும் காரிப் வெங்காயமும் கெடும். தீபாவளி நேரத்தில் விலை ஏறுவது அதனால்தான்.

நானா இரண்டு வெங்காயத்தை எடுத்துக் காட்டினார். ஒன்று செம்பு நிறம், காய்ந்த தோல் சரசரக்கிறது, கழுத்து மூடிச் சுருங்கியிருக்கிறது. "இது நிக்கும்." மற்றது கடும் சிவப்பு, தோல் மெல்லிசு, கழுத்துத் தடிப்பு, அமத்தினால் ஈரம். "இதை மூணு நாளையில் விக்கணும்." முதலாவது ரபி, இரண்டாவது காரிப். புத்தகம் தொடாமல் பருவம் சொல்கிற மனிதர்.

அரசும் விளையாடும். 2023 ஓகஸ்ட்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டார்கள், டிசெம்பரில் தடையே வந்தது, 2024 மே மாதம்தான் நீக்கினார்கள். இந்தியாவில் வெங்காய விலை தேர்தலை ஆட்டும். ஆகவே உள்ளூர் விலை ஏறினால் முதலில் மூடுவது எங்களுக்குத் திறந்த கதவைத்தான். நிலாவெளி, குச்சவெளி மணலில் சின்ன வெங்காயம் போடுபவர்களுக்கு அந்த மாதங்கள் கொண்டாட்டம். அவர்கள் சந்தோசப்படுவதில் எனக்குக் குறையில்லை, மற்ற மாதங்களில் அவர்கள் படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

மைசூர் பருப்பு மைசூரில் இருந்தா வருகுது?

இல்லை. வட இந்தியாவில் அதன் பெயர் மசூர். அந்தச் சொல்தான் எங்கள் வாயில் மைசூராகியிருக்க வேண்டும். ரபிப் பயிர், குளிர் வேண்டும். மத்தியப் பிரதேசமும் உத்தரப் பிரதேசமும் அதன் நிலம். நாங்கள் தின்பது பெரும்பாலும் கனடா, அவுஸ்திரேலியாவிலிருந்து வருவது. பருப்பு விளைச்சலில் உலக முதலிடமான இந்தியாவே போதாமல் அங்கிருந்துதான் வாங்குகிறது.

அங்கே அரசாங்கம் நெல்லுக்கு நல்ல விலை கொடுக்குதாம், உண்மையா?

விலை அறிவிப்பது உண்மை. குறைந்தபட்ச ஆதரவு விலை என்று 22 பயிருக்கு அறிவிக்கிறார்கள். 2025-26 காரிப்புக்குச் சாதாரண நெல் குவிண்டாலுக்கு 2,369 இந்திய ரூபாய். கிலோவுக்கு 24 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு, எங்கள் காசில் எண்பது ரூபாய் அளவில். எங்கள் அரசு 2025 பெப்ரவரியில் நாடு என்ற நெல் இனத்துக்கு அறிவித்தது கிலோ 120 ரூபாய். ஆகவே "அங்கே நல்ல விலை" என்ற பேச்சு விலையில் நிற்காது. உரமும் மின்சாரமும் அங்கே மானியத்தில் மலிவு, செலவு குறைவு என்பதைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அறிவித்த விலைக்கு வாங்க ஆள் வருமா என்பது வேறு. அரசுக்காகத் தானியம் வாங்கும் இந்திய உணவுக் கழகம் 1965இல் தஞ்சாவூரில்தான் தொடங்கியது. பஞ்சாப், ஹரியானாவில் நெல்லையும் கோதுமையையும் கடைசி மூடை வரை அள்ளுவார்கள். பீகாரில் விவசாயி பெரும்பாலும் தரகரிடம், அறிவித்ததற்குக் கீழேதான் கொடுப்பார். எங்கள் வீட்டிலும் ஒரு போகம் நெல்லைக் காயவைத்து மூடை கட்டி, கொள்வனவு தொடங்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். ஈரப்பதம் கூட என்று ஒருநாள், சாக்கு இல்லை என்று இன்னொரு நாள். கடைசியில் லொறிக்காரர் சொன்ன விலைக்குக் கொடுத்தோம். பீகார்க்காரர் கதை எனக்குப் புதிதில்லை.

2020இல் கொண்டுவந்த மூன்று விவசாயச் சட்டங்களுக்கு எதிராக டெல்லி எல்லையில் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தார்கள், 2021 நவம்பரில் அரசு திரும்பப் பெற்றது. அதே நவம்பரில்தான் எங்கள் அரசும் இரசாயன உரத் தடையைக் கைவிட்டது. ஆனால் அந்தப் பெரும்போகம் அதற்குள் போய்விட்டது. எங்கள் வயலில் வழமையில் பாதிதான். அடுத்த வருடம் இந்தியக் கடனுதவியில் வந்த 65,000 தொன் யூரியா கமநல சேவை நிலையத்துக்கு வந்தபோதுதான் அண்ணன் முகத்தில் களை வந்தது.

கந்தளாயில் சீனி ஆலை இருந்ததாமே, ஏன் நின்றது? இந்தியாவில் மட்டும் எப்படி ஓடுது?

1960இல் தொடங்கி 1990களில் மூடப்பட்டது. துருப்பிடித்த இயந்திரங்களைப் பார்த்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். இந்தியாவில் ஓடுவதற்கு ஒரு காரணம் விதை. 1912இலிருந்து கோயம்புத்தூரில் கரும்புக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாணல் போன்ற காட்டுக் கரும்போடு கலந்து உருவாக்கிய அதன் இரகங்கள்தான் வடக்கில் கங்கைச் சமவெளி வரை பரவின. ஆனால் கரும்பு பெருந்தண்ணீர் குடிக்கும். மகாராஷ்டிராவில் குடிநீருக்கு லொறி ஓடுகிற மாவட்டத்திலும் கரும்பு நிற்கும். கந்தளாய்த் தண்ணீரில் நெல்லா, கரும்பா என்று கேட்டால் நான் நெல் என்பேன். மறுத்துக் கதைக்கிறவர்கள் தேத்தண்ணிக் கடையில் நிறையப்பேர்.

இந்திய வானிலைச் செய்தி பார்த்து நாங்கள் விதைக்கலாமா?

பெரும்போகத்துக்கு ஒக்டோபரில் சென்னை வானிலைக்காரர் வங்காள விரிகுடா பற்றிச் சொல்வதைக் கேளுங்கள். அதே தாழமுக்கங்கள்தான் எங்களையும் தொடும். விதைப்புத் திகதியைக் குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில்தான் தீர்மானிப்பார்கள், அதை மீற வேண்டாம். சிறுபோகத்துக்கு ஜூன் மாத இந்திய மழைப்படத்தில் எங்களுக்கு வேலை இல்லை. அண்ணனுக்கு ஹற்றனில் பழைய கூட்டாளி ஒருவர் இருக்கிறார். கச்சான் தொடங்கியதும் கிழமைக்கு ஒரு தரம் அவருக்கு அழைப்பெடுப்பார். சுகம் விசாரித்து முடிய ஒரே கேள்வி: "அங்க மழை எப்படி?"